கோரை வயலின் மேற்குப் பக்கம்

பிற்பகல் மூன்றரை மணிக்கு என் மகள் கோரைக்குள் போனாள். மில்லில் ஷிப்டு மாறும் சங்கு அப்போதுதான் ஊதி ஓய்ந்தது. அதனால் நேரத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. கானாங்கோழிக் குஞ்சு ஒன்று வரப்பைக் கடந்து ஓடியது, இவளும் பின்னாலேயே ஓடினாள். "ஏட்டி, உள்ள போகாத" என்றேன். "இந்தா வாரேம்மா" என்று பதில் வந்தது. இன்னொரு முறை கூப்பிட்டேன். அதே பதில், கொஞ்சம் தள்ளிக் கேட்டது. மூன்றாவது முறை பதில் இல்லை. அவளுக்கு அப்போது ஆறு வயது.

எங்கள் வயல் வன்னியம்பட்டிக்கு மேற்கே, கண்மாய்க் கரைக்கு அடியில் இருந்தது. கரையிலிருந்து வருஷம் முழுக்கத் தண்ணீர் கசியும். நெல் நட்டால் கதிர் வாங்கும் சமயத்தில் வேர் அழுகிச் சாய்ந்துவிடும். என் கணவர் ராணுவத்தில் இருந்தார், வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். மற்ற மாதங்களில் அந்த வயலை என்ன செய்வது என்பது என் பாடு. கல்யாணத்துக்கு முன்பு நான் கல்லூரியில் தாவரவியல் படித்திருந்தேன். வேலை கிடைக்கவில்லை. அந்தச் சகதியில் எது நிற்குமோ அதையே நடலாம் என்று நினைத்தேன். சகதியில் யாரும் நடாமலே நிற்பது கோரை.

கண்மாய்ப் பாசனக்காரர்களுக்குக் கோரை என்றாலே எரிச்சல். எங்கள் வயலுக்கு அடுத்த வயல் என் கணவரின் தம்பியுடையது. நான் கோரைக் கிழங்கு நட்டுக்கொண்டிருந்த முதல் நாளே அவர் வரப்பில் வந்து குத்தவைத்துக்கொண்டார்.

"ஊருல அம்புட்டுப் பேரும் கோரையப் பிடுங்கி வரப்புல எறியுதாவ. எங்க மதினி அதப் பொறுக்கிட்டு வந்து நாத்து மாதிரி நடுதாவ. காலேஜுல இதத்தான் சொல்லிக் குடுத்தாவளாக்கும்?"

"பாயில படுக்கும்போது மட்டும் சொகமா இருக்குல்லா தம்பி?"

"நான் கட்டில்ல படுக்கேன் மதினி."

நடவுக்கு வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் கெட்டவர் இல்லை. வாய் சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

முதல் வருஷம் ஒரு வியாபாரி ஆற்றங்கரை ஊர்களிலிருந்து கிழங்கு கொண்டுவந்து தந்தார். ஐப்பசி மழையில் நட்டதும் தளதளவென்று வந்தது. மார்கழியில் மலையிலிருந்து குளிர்காற்று இறங்க ஆரம்பித்ததும் நுனி பழுத்துக் கருகியது. நுனி கருகிய கோரையைக் கீறினால் பாதியில் முறியும், பாய்க்கு ஆகாது. மறு வருஷம் நான் யாரையும் கேட்கவில்லை. எங்கள் கண்மாயின் ஓரத்திலேயே, எத்தனையோ மார்கழிகளைத் தாண்டி நின்ற கோரையை வேரோடு பெயர்த்தேன். கிழங்கைத் துண்டு துண்டாக நறுக்கி, சாண் இடைவெளியில் நட்டேன். வளர்வதற்கு நாளாயிற்று. ஆனால் பனிக்கு அது அசையவே இல்லை. அக்கம்பக்கத்து வயல்கள் வெளுத்துக் கிடந்தபோது எங்களுடையது கரும்பச்சையாக நின்றது. அடுத்த தையில் என் தலைக்கு மேலே போய்விட்டது.

பார்க்கத்தான் அது தானாக வளர்கிற மாதிரி இருக்கும். அதற்குள்ளேயே இன்னொரு சின்னக் கோரை முளைக்கும். முத்து முத்தாகக் கிழங்கு வைத்துப் பரவி, பாய்க்கோரையை மூச்சு முட்ட வைக்கும். அதைக் குனிந்து, அடியைத் தடவிப் பார்த்துத்தான் பிடுங்க வேண்டும். தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நிற்க வேண்டும், வற்றவும் கூடாது, முழங்காலுக்கு ஏறவும் கூடாது. யூரியாவை அள்ளிப் போட்டால் தண்டு கொழுத்து மெத்தென்று ஆகும், ஒரு காற்றுக்குப் படுத்துவிடும். அறுப்புக்கு முன் தண்ணீரை வடித்து, தரை காலைத் தாங்கும் அளவுக்குக் காயவிட வேண்டும். அறுத்ததை உயரவாரியாகப் பிரித்து, பச்சையாக இருக்கும்போதே கீறி, வெயிலில் பரப்ப வேண்டும். ஒரு முறை நட்டால் பல வருஷங்களுக்கு அறுக்கலாம். அறுக்க அறுக்கத் துளிர்க்கும்.

அறுப்பில் ஓர் ஒழுங்கு இருந்தது. எங்கள் வயலில் எப்போதும் கிழக்கு ஓரத்தில்தான் ஆரம்பிப்போம், எல்லோரும் ஒரே வரிசையாக மேற்கே பார்த்து அறுத்துக்கொண்டு போவோம். மேற்குப் பக்கம், அதாவது கண்மாய்க் கரைப் பக்கம், ஒரு ஆள் நிற்கக் கூடாது. ஒரு சும்மாட்டுத் துணிகூட அங்கே கிடக்கக் கூடாது. கோரைக்குள் எலி இருக்கும், எலி இருந்தால் பாம்பும் இருக்கும். அறுக்கிறவர்கள் பாம்பு என்று சொல்ல மாட்டார்கள், பூச்சி என்பார்கள். அரிவாள் நெருங்க நெருங்க அதெல்லாம் பின்வாங்கிப் பின்வாங்கி, கடைசியில் மேற்கே கரையேறிப் போய்விடும். "பூச்சிக்கு வழி விட்டாச்சா?" என்று கேட்காமல் எந்தப் பெண்ணும் முதல் பிடியை அறுக்க மாட்டாள். மூன்று அறுப்பில் யார் காலிலும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

அன்று நாலாவது அறுப்பு. சுந்தரபாண்டியம் பக்கத்திலிருந்து வழக்கமாக வரும் பெண்கள் வந்திருந்தார்கள். பாதி வயல் முடிந்திருந்தது. பள்ளிக்கூடம் லீவு என்பதால் மகளைக் கூட்டி வந்திருந்தேன். வாய்க்கால் ஓரத்து வேப்பமர நிழலில் உட்காரச் சொல்லியிருந்தேன். மதியம் வரை உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே போய்விட்டால் கோரையில் திசை கிடையாது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே பச்சைக் கம்பிகள். நாம் நகர்ந்தால் அதுவும் சலசலக்கும், அந்தச் சத்தத்தில் வெளியே கூப்பிடுவது காதில் விழாது. நான் அரிவாளைப் போட்டுவிட்டு உள்ளே நுழைந்தேன். கொஞ்ச தூரம் போய்விட்டு வெளியே வந்தபோது, நுழைந்த இடத்துக்குச் சம்பந்தமே இல்லாத மூலையில் நின்றேன். அதற்குள் பெண்கள் எல்லோரும் "பாப்பா, பாப்பா" என்று கத்தத் தொடங்கியிருந்தார்கள்.

ஷிப்டு முடிந்து சைக்கிளில் போய்க்கொண்டிருந்த மில்காரர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டது. ஒருவர் இறங்கினார், பிறகு பத்துப் பேர், பிறகு எண்ண முடியவில்லை. என்ன ஏது என்று கேட்கக்கூட இல்லை. பஞ்சுத் தூசி அப்பிய தலையோடு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். கொழுந்தனார் தன் வீட்டிலிருந்து அரிவாள், மண்வெட்டி, கம்பு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஓடிவந்தார். "நாலு பக்கமும் பிரிஞ்சி நில்லுங்கலே! சுத்தி வளைச்சு அறுங்க! ஒரு பக்கமாப் போனா இருட்டிரும்!" என்று கத்தினார். எல்லோருக்கும் அது சரியாகத்தான் பட்டது. எனக்கும் பட்டது. வடக்கே சிலர், தெற்கே சிலர், மேற்கே கரையில் வரிசையாகச் சிலர். அத்தனை பேரும் வெட்டிக்கொண்டும் மிதித்துக்கொண்டும் உள்ளே வந்தார்கள். நின்ற கோரை கண் முன்னாலேயே சுருங்கியது.

நான் கரை மேல் ஏறி நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்போது மேற்கு ஓரத்தில் ஒரு கீரி தலையை நீட்டியது. அரிவாளோடு வந்த ஆட்களைப் பார்த்ததும் திரும்பி உள்ளே ஓடிவிட்டது.

கீரி திரும்பிப் போகிறது என்றால் மற்றதெல்லாம்? அந்த வயலில் இருந்த அத்தனையும், நாலு பக்கமும் அடைபட்டு, நடுவில் நின்ற துண்டுக் கோரைக்குள்தான் போய்க்கொண்டிருந்தன. என் மகள் இருந்ததும் அங்கேதான்.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை. கரையிலிருந்து இறங்கி ஒவ்வொருவர் கையையும் பிடித்து இழுத்தேன். "வெட்டாதிய. மேக்க நிக்கவிய எல்லாரும் வெலகுங்க. சத்தம் போடாதிய. வழி விடுங்க."

கொழுந்தனார் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "புத்தி பெரண்டு போச்சா மதினி? புள்ள உள்ள கெடக்கு! தேடாதன்னா சொல்லுதிய?"

"தேடுனா பூச்சி எல்லாம் அவ மேலதான் போய் விழும் தம்பி. மேக்க தெறந்து விடுங்க. செத்த நேரம், செத்த நேரம் சும்மா நில்லுங்க."

"அண்ணனுக்கு நான் என்னன்னு பதில் சொல்ல?"

"நான் சொல்லுதேன். வெலகுங்க."

மில்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அறுக்க வந்த பெண்களுக்குத்தான் முதலில் புரிந்தது. அவர்களில் மூத்தவள் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு மேற்கே ஓடி, ஆட்களைக் கையால் தள்ளினாள். "பெத்தவ சொல்லுதாவல்லா, காதுல விழலியா? போங்கய்யா, போங்க அங்குட்டு." கடைசி ஆளும் விலகினார். சத்தம் அடங்கியது.

அத்தனை பேர் நிற்கும் இடத்தில் அப்படி ஓர் அமைதியை நான் அதற்கு முன்போ பின்போ கேட்டதில்லை. உள்ளே என் பிள்ளை அழுகிறாளா என்று கேட்டுப் பார்த்தேன். இல்லை. விழுந்து கிடந்தால்? மூச்சு நின்றுகொண்டிருந்தால்? அந்த நேரத்தை நான்தான் வீணாக்குகிறேனா? வாயைத் திறந்து "வெட்டுங்க" என்று சொல்லிவிட வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

முதலில் கானாங்கோழிகள் வெளியே வந்தன. பிறகு எலிகள், ஒன்றன் மேல் ஒன்று விழுந்துகொண்டு. பிறகு கீரி. அது கரையில் நின்று எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிற்று. அதன் பிறகு ஒரு சாரை, நீளமாக, அவசரமே இல்லாமல். கடைசியாகத் தடித்துக் குட்டையாக ஒன்று, முதுகில் சங்கிலி போட்ட மாதிரிப் புள்ளிகளோடு ஊர்ந்து கரையேறியது. மில்காரர் ஒருவர் கம்பை ஓங்கினார். மூத்தவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அதன் பின்னால் வேறு எதுவும் வரவில்லை.

நான் மட்டும் உள்ளே போனேன். கோரையைக் கையால் விலக்கி, அடி எடுத்து வைக்கும் முன் கம்பால் தரையைத் தட்டி, அவளை வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லி மெதுவாகக் கூப்பிட்டேன். நடுவில், கோழி மிதித்துக் கூடு மாதிரி ஆக்கியிருந்த ஓர் இடத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அவ்வளவு பேர் அரிவாளோடு கத்திக்கொண்டு வந்ததில் பயந்து ஒளிந்துகொண்டிருக்கிறாள். "யாரும்மா அவங்கள்லாம்?" என்றாள். தூக்கினேன். "மெதுவா. கால்ல முள்ளு குத்திருச்சு" என்றாள்.

பாதத்தின் ஓரத்தில் இரண்டு புள்ளிகள் இருந்தன. அதைச் சுற்றி ஏற்கெனவே வீங்கியிருந்தது.

வெளியே தூக்கி வந்ததும் கொழுந்தனார் பார்த்தார். கீழே கிடந்த பச்சைக் கோரையில் ஒரு பிடியை எடுத்து முறுக்கி, கணுக்காலுக்கு மேலே பலம்கொண்ட மட்டும் இறுக்கிக் கட்டினார். பச்சைக் கோரை கயிறு மாதிரி, அறாது. அறுத்த கட்டுகளை நாங்கள் அதைக் கொண்டுதான் கட்டுவோம். ரோட்டில் போன டெம்போவை மில்காரர்கள் குறுக்கே நின்று மறித்தார்கள். ராஜபாளையத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அவள் கால் வீங்கிக்கொண்டே வந்தது. வீங்க வீங்கக் கோரை சதைக்குள் இறங்கியது. அவிழ்த்தால் விஷம் ஏறிவிடும் என்று பயந்து யாரும் அவிழ்க்கவில்லை.

டாக்டர் முதலில் அதைத்தான் வெட்டினார். "யாரு இத இப்படிக் கட்டுனது?" என்றார். கொழுந்தனார் சுவரோடு சுவராக நின்றார். நான் கொழுந்தனார் பக்கம் திரும்பாமல் மகளின் காலைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் மறுபடி கேட்கவில்லை.

ஊசி போட்டார்கள். குழாய் மாட்டினார்கள். பல் ஈறிலிருந்து ரத்தம் கசிந்தது. டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, "விரியன் கடி. ரத்தத்துக்கு மருந்து போட்டாச்சு. இனி கிட்னிதான். ஒண்ணுக்குப் போறாளான்னு பாருங்க. நாளைக்குக் காலைக்குள்ள போகலைன்னா மதுரைக்குக் கொண்டு போயிடணும்" என்றார். கொண்டு போனால் பிழைப்பாளா என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே கேட்காமல் விட்டேன்.

அன்று மாலையிலிருந்து எனக்கு அது ஒன்றுதான் வேலை. அவள் அடியில் விரித்த துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்தே இருந்தது. தண்ணீர் கொடுத்தேன், கொடுக்கலாமா என்று நர்ஸிடம் கேட்டேன், மறுபடி தொட்டுப் பார்த்தேன்.

கொழுந்தனார் வெளியே போய்விட்டு வந்து, "அண்ணனுக்குத் தந்தி குடுத்துட்டேன் மதினி" என்றார்.

"என்னன்னு?"

"மகள் சீரியஸ், உடனே புறப்படுன்னு."

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு ராணுவத்தில் ஆள் உண்டு. யார் வீட்டில் யார் செத்தாலும் செத்துப் போனதாகத் தந்தி அடிக்க மாட்டார்கள். அந்தச் செய்தியோடு நாட்கணக்கில் ரயிலில் தனியாக வரவேண்டுமே என்று, சீரியஸ் என்றுதான் அடிப்பார்கள். அங்கே முகாமில் இருக்கிற அத்தனை பேருக்கும் அது தெரியும். அந்தச் சொல்லைப் படித்ததுமே பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து வந்து பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

"சீரியஸ்னா போட்டிய?" என்றேன்.

"சீரியஸாத்தான மதினி இருக்கு?" என்றார். நான் திரும்பவும் துணியைத் தொட்டுப் பார்த்தேன்.

மறுநாள் விடியும் நேரத்தில் துணி நனைந்தது. கொஞ்சம்தான், கருஞ்சிவப்பாக. நர்ஸிடம் ஓடி, கட்டிலைக் கையால் காட்டினேன். மத்தியானத்துக்குள் நிறம் தெளிந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "பொழச்சுக்கிட்டா" என்றார். கடிபட்ட காலில் இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. அவற்றை எடுத்துவிட்டார்கள். விஷத்தால் போயிற்றா, கட்டினதால் போயிற்றா என்று கேட்டேன். ரெண்டும்தான் என்றார். கொழுந்தனார் மறு தந்தி கொடுத்தார், பிழைத்துவிட்டாள் என்று. ஆனால் அதற்குள் என் கணவர் ரயில் ஏறியிருந்தார்.

மிச்சம் நின்ற கோரையைக் கொழுந்தனார் ஆள் விட்டு வெட்டி, உழுது, கிழங்கைப் பெயர்த்து வெயிலில் போட்டார். என்னிடம் கேட்கவில்லை. அடுத்த மழைக்கு வயல் முழுக்க முளைத்தது. மறுபடி உழுதார், மறுபடி முளைத்தது. மார்கழிக்கு அஞ்சாத கிழங்கு கலப்பைக்கா அஞ்சும்? கடைசியில் நானே போய் அறுக்க ஆள் சொன்னேன். பல வருஷம் அறுத்தேன். மகளை மட்டும் வாய்க்காலைத் தாண்ட விட்டதில்லை.

ஊரில் இன்றும் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு, பிள்ளையைத் தேட வேண்டாம் என்று சொன்னவள் என்று. சிலர் மெச்சிச் சொல்கிறார்கள், சிலர் அப்படிச் சொல்லவில்லை. எனக்கே எது என்று தெரியாது. விரியன் அவளைக் கடித்தது எல்லோரும் வெட்டிக்கொண்டு வந்தபோதா, நான் நிறுத்தச் சொல்லி நின்ற அந்த அமைதியிலா? வழி திறந்ததும் வெளியே போகிற போக்கில் கடித்ததா? அவளிடம் கேட்டிருக்கிறேன். எட்டு வயதில், "எல்லாரும் கத்துனப்ப" என்றாள். பெரியவளான பிறகு ஒருநாள், "சத்தம் நின்னப்பதாம்மா" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஞாபகம் இல்லம்மா, விடேன்" என்றாள். இப்போது மதுரையில் படிக்கிறாள். சனிக்கிழமை அவள் வரும் பஸ் தாமதமானால் நான் வீட்டில் உட்கார மாட்டேன், ரோட்டுக்குப் போய் நிற்பேன். அவளுக்கு அது பிடிக்காது.

அன்று என் கணவர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது மகளுக்கு இட்லியைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். காலை நேரம். வார்டு வாசலில் தோளில் படுக்கைச் சுருட்டோடு நின்றார். பல நாள் தாடி. பூட்ஸ் முழுக்கச் செம்மண். பேண்ட்டில் முழங்கால் வரை நாயுருவி ஒட்டியிருந்தது. வழியில் யாரோ எங்கள் ஊர்க்காரர் பார்த்துச் சொல்லி, அங்கிருந்து ராஜபாளையத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார். மகள் "அப்பா" என்றாள். அவர் உள்ளே வரவில்லை. அவள் மெல்வதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் எழுந்து போய் அவர் கையைப் பிடித்தேன். நான் வாயைத் திறக்கும் முன் அவரே பேசினார்.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல எறங்குனேன். வீட்டுக்குப் போகக் கால் வரல. யார்ட்டயும் கேக்க வாயும் வரல. நேரா நம்மூரு சுடுகாட்டுக்குத்தான் போனேன். சின்னப் புள்ளையளப் பொதைக்கிற பக்கம் பூராவும் நடந்து நடந்து பாத்தேன். புது மண்ணு எங்கயுமே இல்ல."